மண்ணக்காவின் மெஷினும் கணவனின் ஸ்ட்ரிப்பும்

கணவனின் சட்டைப்பையில் மனைவிமார் என்னென்னவோ கண்டுபிடித்திருக்கிறார்கள். சினிமா டிக்கெட், சிகரெட் பெட்டி, யாரோ ஒருத்தியின் போன் நம்பர். மண்ணக்காவுக்குக் கிடைத்தது ஒரு நைட்ரேட் ஸ்ட்ரிப்.

துணியை வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் பைகளைத் துழாவுவது அவள் வழக்கம். விரல் நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு, அதன் நுனியில் குட்டிச் சதுரமாய் ஒரு காகிதம். அந்தச் சதுரம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது. வேறு யார் கையில் அகப்பட்டிருந்தாலும் ஏதோ குப்பை என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். இவளுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துபோயிற்று. மண்ணைத் தண்ணீரில் கரைத்து இதை முக்கியிருக்கிறான். முக்கி நிறம் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வீட்டில் மூச்சுக் காட்டாமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்திருக்கிறான்.

இதிலே கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவள் வேலை பார்ப்பது மண் பரிசோதனைக் கூடத்தில். அங்கே நைட்ரேட் மேசை முழுக்க அவள் பொறுப்பு. பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சாப்பிடும் சத்துகளில் நைட்ரேட் முக்கியமானது. இலை பச்சையாகத் தழைப்பதும் மஞ்சளடித்துப் போவதும் பெரும்பாலும் அதன் கையில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் மண்ணக்கா. அவள் போடு என்றால் உரம் போடுவார்கள், வேண்டாம் என்றால் மூட்டையின் வாயைக்கூட அவிழ்க்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளின் சொந்தப் புருஷன் கடையில் டப்பாவில் விற்கிற ஸ்ட்ரிப்பை வாங்கி மறைவாக மண் பார்க்கிறான் என்றால், ஊருக்கே சமைத்துப் போடுகிறவளின் வீட்டுக்காரன் தெருமுனைக் கடையில் ஒளிந்து நின்று சாப்பிட்ட மாதிரிதானே?

அவன் அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மகள் மேசையில் வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மண்ணக்கா ஸ்ட்ரிப்பை இரண்டு விரலால் பிடித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது?"

அவன் திருதிருவென்று முழித்தான். "அது... ஸ்ட்ரிப்பு."

"ஸ்ட்ரிப்புன்னு தெரியாமலா கேக்கறேன்? எத்தனை நாளா நடக்குது இதெல்லாம்?"

"இப்பதான். ரெண்டு மூணு தடவை இருக்கும்."

மகள் தலையைத் தூக்கினாள். "என்னம்மா நடக்குது?"

"நீ உன் கணக்கைப் பாரு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நீ கோவிச்சுக்குவேன்னுதான் சொல்லலை."

"சொல்லாம செஞ்சா மட்டும் கொஞ்சுவேனா?"

"சரி, இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. உன் ரிப்போர்ட்டு நைட்ரேட்டு இருபத்துநாலுங்குது. உங்க கூடத்துக் கணக்குக்கு மாத்திப் பாத்தாலும் இந்த ஸ்ட்ரிப்பு எட்டுங்குது. அங்க கீரை மஞ்சளா நிக்குது. ரெண்டு நம்பர் ரெண்டு பேச்சு பேசினா நான் யாரை நம்பறது?"

கீரை மஞ்சளாக நிற்பதை அவளும்தான் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அவன் கீரைக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவன் பிறவி விவசாயி அல்ல. நெடுந்தூர லாரி ஓட்டியவன். வண்டி ஏறினால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மகள் முதல் அடி எடுத்து வைத்ததை அவன் போனில் பார்த்தான். அவளுக்குப் பல் விழுந்ததை, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஊரைக் கூட்டி அழுததை, எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தான். ஒருநாள் வண்டிச் சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்து, ஊரின் ஓரத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகை இரண்டைக் குத்தகைக்குப் பிடித்துக் கீரை விதைத்தான். சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வாயைத் திறந்தும் சிரித்தார்கள்.

"ரெண்டு விதைப்பு பாக்கறேன். ரெண்டும் ஊத்திக்கிச்சுன்னா மறு பேச்சு பேசாம லாரி ஏறிடறேன்" என்று எல்லோர் முன்னாலும் அவன் சொல்லியிருந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் என்பதுதான் அவனிடம் உள்ள கஷ்டம்.

முதல் விதைப்பு மஞ்சளடித்துப் போயிற்று. கடைக்காரர்கள் கீரைக்கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டாவது. பாதி வளர்ச்சியில் நிற்கிறது, அடி இலைகளில் மஞ்சள் ஏறத் தொடங்கிவிட்டது. உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டியதுதானே என்றால், கீரை அப்படிப்பட்ட பயிர் இல்லை. மண்ணில் ஏற்கெனவே நிறைய இருக்கும்போது மேலும் போட்டால் நைட்ரேட்டை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். வாங்குகிறவர்கள் இலையைச் சோதித்து மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் முதலில் மண்ணைப் பார்ப்பது. பார்த்தவள் மண்ணக்கா. இரண்டு தடவையும் "போதுமான அளவு இருக்கு, உரம் வேண்டாம்" என்று சொன்னவளும் அவளேதான்.

"வண்டி முதலாளி நேத்தும் போன் பண்ணார். சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்காம்" என்றான் அவன், யாரையும் பார்க்காமல்.

மகள் பென்சிலை வைத்துவிட்டாள். "அப்ப அப்பா மறுபடியும் போன் அப்பா ஆயிடுவாரா?"

மண்ணக்கா ஸ்ட்ரிப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் கூடத்துக்குப் போனதும் அவள் வேறு எதையும் தொடவில்லை. நேராக நைட்ரேட் அளக்கும் மெஷினிடம் போனாள். அளவு தெரிந்த கரைசல்களை வரிசையாக ஓட்டினாள். மண்ணே கலக்காத வெறும் கரைசலையும் ஓட்டினாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முதலில் உச்சி குளிர்ந்தது. அப்படியானால் ஸ்ட்ரிப்தான் பொய். பார்த்தாயா, டப்பாவில் விற்கிற சமாச்சாரம் டப்பாவாகத்தான் இருக்கும்.

ஆனால் அவள் வேலையில் நாணயமானவள். ஒரு பக்கத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல மனம் ஒப்பவில்லை. கணவனின் மண்ணிலிருந்து போன தடவை வடித்தெடுத்த கரைசலில் கொஞ்சம் சின்னக் குப்பியில் மூடி ஃபிரிட்ஜில் இருந்தது. காலையில் அவனிடம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்திருந்த டப்பாவைத் திறந்து, புது ஸ்ட்ரிப் ஒன்றை அதில் முக்கி எடுத்தாள். ஸ்ட்ரிப்பும் மெஷினும் உண்மையில் ஒரே குடும்பம்தான். இரண்டுமே நைட்ரேட்டை வேறொன்றாக மாற்றி, அதைச் சிவக்க வைத்து, எவ்வளவு சிவந்தது என்று பார்க்கின்றன. ஒன்று நம் கண்ணை நம்புகிறது, மற்றது தன் விளக்கை நம்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சதுரம் மெல்லச் சிவந்தது. வெளிறிய நிறத்தில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், நிற்கவில்லை. கருஞ்சிவப்புக்கே போய்விட்டது. டப்பாவின் மேலிருந்த நிற அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஸ்ட்ரிப்பின் எண்ணும் கூடத்தின் எண்ணும் வேறு வேறு கணக்கு. அதையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். இருபத்துநாலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷினும் சரி, ஸ்ட்ரிப்பும் சரி. ஒரே கரைசலைக் கொடுத்தால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அப்படியானால் கொட்டகையில் எட்டு எங்கிருந்து வந்தது?

மனித மனம் இருக்கிறதே, அது தன்னைத் தவிர எல்லோரையும் ஒருமுறை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் ஓயும். மெஷினைப் பார்த்தாயிற்று, ஸ்ட்ரிப்பைப் பார்த்தாயிற்று, மிச்சம் இருப்பது புருஷன். மண்ணை எங்கேயிருந்து எடுத்தானோ? எருக்குழி ஓரத்தில் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டு அனுப்பியிருப்பான். லாரிக்காரப் புத்தி, அவசரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிக் கொட்டகைக்கே போய்விட்டாள்.

அவன் தண்ணீர்க் குழாயை மாற்றிக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள் வெக்கையாக இருந்தது. பாத்தி பாத்தியாகக் கீரை, தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை, குனிந்து பார்த்தால் அடியெல்லாம் வெளிறல்.

"உண்மையைச் சொல்லுங்க. மண்ணை எந்த இடத்துல எடுத்தீங்க?"

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான். குறுக்கும் நெடுக்குமா நடந்து, இடம் மாத்தி மாத்தி."

"எருக் குழி பக்கமா எடுத்தீங்களா?"

அவன் குழாயைக் கீழே போட்டான். முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, நான் மேப்பே இல்லாம எத்தனை ஊரு போய் வந்தவன்? நாலு பாத்திக்குள்ள வழி தெரியாமயா எருக்குழில போய் விழுவேன்? வா, நீயே நின்னு எடு. ஒரு பிடி தப்பா எடுத்தேன்னா அப்ப பேசு."

இருவருமாகச் சேர்ந்து எடுத்தார்கள். அவன் மண்ணெடுக்கும் துளைக்கருவியை அழுத்த அழுத்த, அவள் வாளியில் கொட்டிக் கலந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவனிடம் ஒரு தப்புக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லப்போனால், கூடத்துக்கு வருகிற முக்கால்வாசி ஆட்களைவிட ஒழுங்காகவே எடுத்தான். அங்கேயே ஒரு பாட்டிலில் மண்ணைப் போட்டுக் குலுக்கி, தெளிய விட்டு, ஸ்ட்ரிப்பை முக்கினார்கள். இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன. வெளிறிய இளஞ்சிவப்பு. கணக்கை மாற்றிப் போட்டால் எட்டு.

"பாத்தியா?" என்றான். ஜெயித்த குரலில் சொல்லவில்லை, சோர்ந்த குரலில் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? உன் நம்பர் தப்புன்னு சொன்னா, உன்னையே தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? ஊரே உன் நம்பரைத்தான் நம்புது. நான் ஒருத்தன் எந்திரிச்சு நின்னு இல்லைன்னு சொல்லவா?" என்றான். சொல்லிவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அவள் மிச்ச மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் ஒரே குழப்பம். ஒரே பாத்தி மண், அதே ஆள், அதே கை. வயலில் எட்டு, கூடத்தில் இருபத்துநாலு. நடுவில் இந்த மண்ணுக்கு என்ன ஆகிறது?

கூடத்தின் முன் மேசையில் மண் பைகளை வாங்கி எண் ஒட்டுகிறவருக்கு டோக்கன் என்று பெயர். அவர் வேலையும் அதுதான், பேச்சும் அதுதான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் யாருக்கு அடுத்து யார் என்று பார்ப்பவர். அவர் பையை வாங்கி முடிச்சைத் தட்டிப் பார்த்தார்.

"வீட்டு மண்ணாக்கா? வழக்கம்போல கடைசிதானே?"

கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல், கையை உயர்த்தி மண் உலர்த்தும் பெட்டிக்கு மேலே இருந்த பலகையில் பையை வைத்தார்.

மண்ணக்கா பொட்டில் அடித்த மாதிரி நின்றுவிட்டாள்.

வழக்கம்போல. ஆமாம், வழக்கம்தான். அதை ஏற்படுத்தியவள் அவள். முதல் தடவை கணவனின் மண்ணை எடுத்து வந்தபோது, மேசையருகே நின்றிருந்த ஒருவர், "சொந்த வீட்டு மண்ணுன்னா ஸ்பெஷல் கவனிப்புதான்" என்று சும்மா ஒரு சொல் சொன்னார். சொன்னவர் அப்போதே மறந்திருப்பார். இவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நாக்கின் மேல் பல்லைப் போட்டு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கே டோக்கனிடம் சொல்லிவிட்டாள்: வீட்டு மண் எப்போதும் கடைசி. ஃபிரிட்ஜில் இடம் பற்றாமல் போனால் முதலில் வெளியே எடுக்க வேண்டியதும் வீட்டு மண். டோக்கனும் அட்சரம் பிசகாமல் செய்துவந்தார். ஊரார் மண்ணெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்தது. கணவனின் மண் சூடான பெட்டியின் தலைமேல், ஈரத்தோடு, முடிச்சுப் போட்ட பையில், தன் முறை வரும்வரை நாள்கணக்கில் வெந்துகொண்டிருந்தது.

அவள் படித்த பாடத்தில் இது முதல் பாடம். மண் செத்த பொருள் இல்லை. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால், மண்ணில் மக்கிக் கிடப்பதையெல்லாம் அவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். வயலில் என்றால் வேர் அதைச் சாப்பிட்டுவிடும், பாய்ச்சுகிற தண்ணீரோடும் கொஞ்சம் போய்விடும். பைக்குள்ளே சாப்பிட யாரும் இல்லை. சமையல் நடக்கிறது, பந்தியில் ஆளில்லை. அப்புறம் சேராமல் என்ன செய்யும்? மெஷின் சொன்ன இருபத்துநாலு நிஜம்தான், ஆனால் அது பையின் கணக்கு. கீரையின் வேருக்குக் கீழே எட்டுதான் இருந்தது.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் எல்லாம், மண்ணை உடனே குளிரில் வையுங்கள், இல்லையென்றால் உடனே காயவையுங்கள் என்று மூச்சு முட்டச் சொல்லுகிறவள் அவள். சொந்த மண்ணை மட்டும் அடுப்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். முதல் விதைப்பு போனது, மஞ்சள் கட்டுகளைச் சுமந்துகொண்டு கடை கடையாக அவன் திரும்பி வந்தது, எல்லாம் அவள் கண்முன்னே வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்கு இது நேரமில்லை.

"அதை இறக்குங்க" என்றாள்.

"எதை?"

"அந்தப் பையைத்தான். இன்னைக்கு அது முதல்ல."

டோக்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் கடைசி முதலானது இல்லை. "அக்கா, அதுக்கு முன்னாடி ஏழெட்டு பேர் இருக்காங்களே?"

"அதெல்லாம் ஃபிரிட்ஜில பத்திரமா இருக்கு. ஒருநாள் பொறுத்தா ஒண்ணும் கெடாது. இது கெட்டுடும்."

முன்னறை நாற்காலியில் ஒரு பெரியவர் தன் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார். மிளகாய்த் தோட்டக்காரர். அவருடைய காது கூர்மையானது. "யாரோட மண்ணு அது, முந்திக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார்.

எந்தச் சொல்லுக்குப் பயந்து இத்தனை நாள் ஒதுங்கி ஒதுங்கிப் போனாளோ, அந்தச் சொல் எதிரிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மண்ணக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர் மண்ணுங்க. ஸ்பெஷலா பாக்கறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு எப்பவும் கடைசில வெச்சு, வெச்சு, கெடுத்துட்டேன். அதனாலதான் இன்னைக்கு முதல்ல."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அடப் பாவமே" என்றார். பிறகு, "எனக்கென்ன அவசரம், வீட்டுக்குப் போனாலும் திட்டுதான். நீ பாரும்மா" என்றார்.

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு இருந்த பலம் அவ்வளவுதான்.

அவள் மண்ணை மூன்று பங்காக்கினாள். ஒரு பங்கை அப்போதே எடை போட்டு, உப்புக் கரைசல் ஊற்றி, குலுக்கும் மேடையில் ஏற்றினாள். இன்னொன்றை ஃபிரிட்ஜில் வைத்தாள். மூன்றாவதை அவளே கையை உயர்த்திப் பெட்டியின் மேல் பழைய இடத்தில் வைத்தாள். கண்டுபிடித்தது உண்மையா, இல்லை மனசு சொல்லும் சப்பைக்கட்டா என்பதற்குச் சாட்சி வேண்டுமே. குலுக்கல் முடிந்து, வடிகட்டி, மெஷினில் விட்டாள். எண் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டரை.

கைபேசியில் கணவனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான், பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"எட்டரை வருது" என்றாள்.

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "மெஷினா சொல்லுது?"

"மெஷின்தான். ஸ்ட்ரிப்பும் சரி, மெஷினும் சரி, நீங்க மண்ணெடுத்ததும் சரி. நான்தாங்க தப்பு." பிறகு எதையும் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

"அப்ப ஊர்ல இருக்கறவன் மண்ணெல்லாம் ஃபிரிட்ஜில குளுகுளுன்னு இருந்துச்சு. என் மண்ணு மட்டும் அடுப்பு மேலயா?"

"ஆமா."

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. எனக்குப் புருஷனா இருந்தீங்க, அதான் பண்ண பாவம்."

அவன் சிரிக்கவில்லை. "முதல் விதைப்பு போயிடுச்சே" என்றான். அந்தக் குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? அவள் அதைத் தணிக்கப் பார்க்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

"போயிடுச்சு. என்னாலதான் போச்சு. வீட்டுக்கு வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, நான் கேட்டுக்கறேன். இப்ப முதல்ல தண்ணியில உரத்தைக் கரைச்சு விடுங்க. எவ்வளவுன்னு நான் சொல்றேன், அதுக்கு மேல ஒரு கைப்பிடி கூடப் போடக் கூடாது."

"ம்ம்" என்றான். பிறகு, "சொல்லு, எழுதிக்கறேன்" என்றான்.

அவன் எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னதில்தான் அவளுக்குக் கால் தரையில் பாவிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அந்த வாரக் கடைசியில் மற்ற இரண்டு பங்குகளையும் மெஷினில் விட்டாள். ஃபிரிட்ஜில் இருந்தது ஒன்பதைத் தொடவில்லை. பெட்டியின் மேல் இருந்தது இருபத்திரண்டைத் தாண்டிவிட்டது. எண்களை டோக்கனிடம் காட்டினாள். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பலகை மேல வெச்சது நான்தானேக்கா" என்று உருகினார். "வைக்கச் சொன்னது நான்" என்று அவள் அவரைத் தேற்றவேண்டியிருந்தது. அன்றிலிருந்து கூடத்தில் யாருடைய மண்ணானாலும் வந்த வரிசைப்படிதான், ஃபிரிட்ஜில் இடமில்லை என்றால் புதிதாக வாங்குவதே இல்லை. டப்பா ஸ்ட்ரிப்பும் மேசைக்கு வந்துவிட்டது. மண் கொண்டுவருகிறவர்களிடம் வயலிலேயே ஒரு தடவை முக்கிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள். அதுவும் மெஷினும் ஒத்துப்போகவில்லை என்றால், நடுவில் மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் விசாரிக்கிறாள்.

வீட்டில் அவன் திட்டினானா என்றால், திட்டினான். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மகள், "அம்மா எனக்குத் தோசை கடைசியா போடும்மா, நான் உன் சொந்தப் பொண்ணு" என்று சொல்ல, அவனுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது வீட்டுக்குள் பழையபடி மூச்சு விட முடிந்தது.

கீரையின் அடி இலைகள் போனது போனதுதான், அவை திரும்பவில்லை. ஆனால் நடுவிலிருந்து புது இலைகள் வந்தன. முதலில் நம்ப முடியாத அளவுக்குக் கொஞ்சமாக, பிறகு பாத்தியே தெரியாத அளவுக்கு. அவன் தினமும் காலையில் ஒரு இலையைக் கிள்ளிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். அவளும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். கண் பட்டுவிடும் என்று இருவருக்கும் உள்ளுக்குள் பயம்.

அறுப்புக்கு அவள் லீவு போட்டாள். மகளுக்கும் அன்று பள்ளி விடுமுறை. மூவருமாகக் கட்டுக் கட்டி வைக்க வைக்க, கடைக்காரர்கள் வண்டியோடு வந்து எடுத்துப் போனார்கள். ஒருவர்கூடக் கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் கொட்டகை வெறுமையாகிவிட்டது. வெறும் பாத்திகளைப் பார்த்தபோது மண்ணக்காவுக்குத் திக்கென்றது. இரண்டு விதைப்பு என்றுதானே சொல்லியிருந்தான். ஒன்று போயிற்று, ஒன்று பிழைத்தது. இரண்டும் போனால் லாரி என்றான். ஒன்று மட்டும் போனால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, கேட்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. முதலாளிக்கு என்ன பதில் சொன்னான் என்பதும் தெரியாது.

அவன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. காலால் பாத்தி மண்ணை நிமிண்டிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போறப்ப இந்த மண்ணைக் கொண்டுபோறியா?"

"அறுப்புதான் முடிஞ்சிடுச்சே. இனிமே எதுக்கு மண்ணு?"

"அடுத்ததுக்கு" என்றான். "என்ன போடணும், எவ்வளவு போடணும்னு நீதானே சொல்லணும்?"

அவளுக்கு அது உள்ளே இறங்க ஒரு நிமிடம் பிடித்தது. இறங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், வெட்கப்படாமல் சத்தம் போட்டே அழுதாள். மகள் ஓடிவந்து, என்ன ஏது என்று புரியாமல், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னப்பா சொன்னீங்க அம்மாவை?" என்று அவனை அதட்டினாள்.

"மண்ணெடுக்கச் சொன்னேன்டா" என்றான் அவன். சொல்லிவிட்டு எழுந்து துளைக்கருவியைத் தேடிப் போனான்.